இரண்டு சொல்லில் ஒரு தீவு

திருவனந்தபுரத்தில் பழவங்காடி என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே கணபதி கோயில் இருக்கிறது. இந்தக் கோயிலை நம் ராணுவம் நிர்வாகம் செய்கிறது. கோயில் முன்னால் தேங்காய் உடைபடும் சத்தம் அடிக்கடி கேட்கும். வேண்டிக்கொண்டவர்கள் வந்து சிதறு தேங்காய் போடுவார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பத்மநாபசாமி கோயில். 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அதன்படி அந்தக் கோயிலின் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தார்கள். உள்ளே தங்கம் இருந்தது. நகைகள் இருந்தன. பழைய காசுகள் இருந்தன. உலகம் முழுவதும் அதைப் பற்றிப் பேசியது. அந்த அறைகளுக்கு ஏ, பி, சி என்று எழுத்துகளையே பெயராக வைத்தார்கள். பி அறையை மட்டும் அன்று திறக்கவில்லை.

ஆகவே பழவங்காடியில் புதையல் என்று சொன்னால் யாருக்கும் பொருள் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தேங்காய் விற்கும் அம்மா ஒருவருக்கும் அது நன்றாகத் தெரியும். வாங்க வருகிறவர்கள் எல்லாரும் அவரிடம் அதைப் பற்றிக் கேட்பார்கள். "நான் தேங்காயைத்தான் பார்த்தேன். தங்கத்தைப் பார்க்கவில்லை" என்று அவர் சிரிப்பார்.

அந்த அம்மா கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்தவர். கல்யாணம் ஆகி இங்கே வந்தார். 1991ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கோழிக்கோட்டில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அங்கே அறிவித்தார்கள். அந்த நாளில் இந்த அம்மாவுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. பிறகு பல ஆண்டு கழித்துத்தான் சாலைத் தெருவில் மாலை வகுப்புக்குப் போனார். தமிழ் எழுத்துகளைக் கற்றுக்கொண்டார். மெல்லத்தான் வாசிப்பார். விரல் வைத்துத்தான் வாசிப்பார். ஆனால் வாசிப்பார்.

படம் இல்லாத விளையாட்டு

அவருடைய அண்ணன் மகன் சாலைத் தெருவில் செல்போன் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்கிறான். ஒரு நாள் மாலை மழை பெய்தது. வியாபாரம் இல்லை. அவன் கடைக்குள் வந்து ஒதுங்கினான்.

"அத்தை, ஒரு புதையல் இருக்கு. தேடுவோமா?" என்றான்.

செல்போனைக் காட்டினான். கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்துகள். வேறு ஒன்றும் இல்லை.

"படம் எங்கே மக்களே?"

"படம் கிடையாது அத்தை. எழுத்து மட்டும்தான். இது நான் பிறக்கும் முன்னே வந்த விளையாட்டு."

அந்த எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் ஒரு வழி சொன்னான். அம்மாவின் பாட நோட்டை வாங்கினான். திரையில் வருவதை அவன் தமிழில் நோட்டில் எழுதுவான். அம்மா அதை வாசிக்க வேண்டும். என்ன செய்யலாம் என்று யோசிக்க வேண்டும். அதைக் கீழே எழுத வேண்டும். இரண்டே சொல்லில் எழுத வேண்டும். ஒரு பொருளின் பெயர். ஒரு செயல். அவ்வளவுதான். அதை அவன் ஆங்கிலமாக மாற்றிச் செல்போனில் தட்டுவான்.

"ஏன் இரண்டு சொல்?" என்று அம்மா கேட்டார்.

"அதுக்கு அவ்வளவுதான் புரியும்."

இதைக் கேட்டதும் அம்மாவுக்குத் தெம்பு வந்தது. வகுப்பில் முதலில் படித்த வரிகளும் இரண்டு சொல்தானே. படம் பார். பாடம் படி. கதவு திற. பெரிய பெரிய வரிகளை எழுதச் சொன்னால் அவருக்குக் கை நடுங்கும். இரண்டு சொல் என்றால் எழுதிவிடலாம்.

இந்த விளையாட்டில் கம்ப்யூட்டர் ஒரு பொம்மை மாதிரி. அது தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்ளும். பொம்மலாட்டத்தில் நூலை இழுத்தால் பொம்மை நடக்கும். இங்கே சொல்லை எழுதினால் பொம்மை நடக்கும். அது எங்கே நிற்கிறது, என்ன பார்க்கிறது என்று நமக்குச் சொல்லும். பார்ப்பது அது. யோசிப்பது நாம்.

முதல் பக்கம் இப்படி இருந்தது. பொம்மை லண்டன் நகரத்தில் ஒரு வீட்டில் நிற்கிறது. அங்கே மாடிப்படி இருக்கிறது. தரையில் ஒரு விரிப்பு இருக்கிறது. விரிப்பை ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

அம்மா இரண்டு முறை வாசித்தார். பிறகு எழுதினார்.

படி ஏறு.

பொம்மை ஏறியது. மேலே புத்தக அலமாரி இருந்தது. அதில் ரத்தக் கறை படிந்த ஒரு புத்தகம். அம்மா எழுதினார்.

புத்தகம் எடு.

எடுத்ததும் ஏதோ சத்தம் கேட்டது. ஒரு ரகசிய வழி தெரிந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். வழி தெரிந்தால் போகத்தானே வேண்டும்? போனார். அங்கே ஒரு பரண். திரும்பினார். கீழே இறங்கினார். மறுபடி ஏறினார். விரிப்பை இழுத்தார். அது வரவில்லை. ஆணி அடித்திருக்கிறதே! ஆணியைப் பிடுங்கப் பார்த்தார். கையில் சுத்தியல் இல்லை. மழை விட்டது. இரண்டு பேர் தேங்காய் வாங்கிப் போனார்கள். நோட்டில் நான்கு பக்கம் நிறைந்தது. பொம்மை இன்னும் லண்டன் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

"புதையல் தீவிலே இருக்குன்னு சொன்னியே. தீவு எங்கே?"

"கையிலே என்ன வச்சிருக்கீங்க அத்தை?"

"புத்தகம்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு நோட்டை இழுத்து எழுதினார்.

புத்தகம் படி.

புத்தகத்தின் பெயர் தெரிந்தது. ‘புதையல் தீவு’. உள்ளே ரத்தத்தால் ஒரு சொல் எழுதியிருந்தது. யோகோ. பக்கத்தில் ஒரு செய்தியும் இருந்தது. லாங் ஜான் சில்வர் என்ற கொள்ளைக்காரன் அந்தத் தீவில் இரண்டு புதையல் விட்டுப் போயிருக்கிறான். அதுதான் செய்தி.

சரியான இடத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால் போதும். எல்லாம் சுழலும். பொம்மை ஒரு தீவில் நிற்கும்.

அம்மா நோட்டைப் பார்த்தபடி இருந்தார். "நாலு பக்கமா புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுச் சுத்தினேன். திறந்து பார்க்கத் தோணலையே" என்றார்.

இதை யார் செய்தார்கள்?

இந்த விளையாட்டின் பெயர் ‘பைரேட் அட்வென்ச்சர்’. கடல் கொள்ளைக்காரனைத் தேடிப் போகும் வீரப் பயணம் என்று சொல்லலாம். 1979ஆம் ஆண்டு வெளிவந்தது. செய்தவர்கள் ஸ்காட் ஆடம்ஸ், அலெக்சிஸ் ஆடம்ஸ். அப்போது இருவரும் கணவன் மனைவி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் இருந்தார்கள்.

அதற்கு முன்னே இன்னொரு விளையாட்டு இருந்தது. வில் கிரவுதர் என்பவர் செய்தது. அவருக்கு மலைக் குகைகளுக்குள் போய் வழி கண்டுபிடிப்பதில் ஆசை. தன் மகள்கள் விளையாடுவதற்காக ஒரு குகைக் கதையைக் கம்ப்யூட்டரில் எழுதினார். 1977ஆம் ஆண்டு டான் உட்ஸ் என்பவர் அதைப் பெரிதாக்கினார். அந்தக் கம்ப்யூட்டரை வீட்டில் வைக்க முடியாது. பீரோ பீரோவாக ஓர் அறையை அடைத்து நிற்கும். ஸ்காட் ஆடம்ஸ் வேலை செய்த இடத்தில் அந்த விளையாட்டை விளையாடினார். இதைச் சிறிய கம்ப்யூட்டரில் செய்ய முடியுமா என்று யோசித்தார்.

அவரிடம் இருந்த கம்ப்யூட்டரின் பெயர் டி.ஆர்.எஸ்.80. 1977இல் கடைக்கு வந்தது. விலை சுமார் 600 டாலர். வீட்டுக்கு வாங்கலாம். ஆனால் அதன் நினைவு மிகவும் சின்னது. அவர் வைத்திருந்ததில் 16,384 எழுத்துகள்தான் கொள்ளும். ஒரு மெல்லிய சிறு நூலில் இருக்கும் எழுத்துகளே அவ்வளவு வரும். அதற்குள் வீடு வேண்டும். தீவு வேண்டும். கடல் வேண்டும். கொள்ளைக்காரனும் கிளியும் வேண்டும். பொம்மையை ஆட்டும் கட்டளைகளும் வேண்டும். இன்று நம் செல்போனில் ஒரு பூவைப் படம் எடுத்தால் அதற்கு இதைப் போல நூறு மடங்குக்கு மேல் இடம் போகிறது.

முடியாது என்று பலர் சொல்லியிருப்பார்கள். ஸ்காட் செய்தார். எப்படி? சொற்களைச் சிக்கனமாகச் செலவழித்தார். சம்பளக் காசை எண்ணி எண்ணிச் செலவழிப்பது போல. நீளமான வருணனை இல்லை. ஓர் இடத்துக்கு ஒரு வரி. அங்கே இருக்கும் பொருள்களுக்கு ஒரு வரி. விளையாடுகிறவர் எழுதும் சொல்லிலும் முதல் சில எழுத்துகளை மட்டும் கம்ப்யூட்டர் பார்க்கும். மீதியை விட்டுவிடும். அதிலும் இடம் மிச்சம்! அவருடைய முதல் விளையாட்டு 1978இல் வந்தது. அதன் பெயர் ‘அட்வென்ச்சர்லேண்ட்’. இரண்டாவதுதான் இந்தத் தீவு. இதில் அலெக்சிசும் சேர்ந்துகொண்டார்.

அந்த நாளில் இதை எப்படி விற்றார்கள் தெரியுமா? பாட்டு கேட்கும் கேசட்டில் பதிந்து விற்றார்கள். டேப் ரிக்கார்டரைக் கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைப்பார்கள். கேசட் ஓடும். உள்ளே இருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் கம்ப்யூட்டருக்குப் போகும். சில நிமிடம் பொறுமையாக இருக்க வேண்டும். பிறகு திரையில் எழுத்து வரும். ஒரு வரிக்கு 64 எழுத்து. மொத்தம் 16 வரி.

கேசட் இல்லாமலும் ஒரு வழி இருந்தது. 1980ஆம் ஆண்டு டிசம்பரில் ‘பைட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை இந்த விளையாட்டை முழுவதும் அச்சிட்டது. கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டிய கட்டளைகள் எல்லாம் பத்திரிகைப் பக்கங்களில் வந்தன. வாங்கியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்து வரி வரியாகத் தட்ட வேண்டும். ஓர் எழுத்து தவறினாலும் போச்சு. ஒரு புள்ளி விட்டாலும் போச்சு. விளையாட்டு ஓடாது. எங்கே தவறு என்று முதலில் இருந்து தேட வேண்டும்.

பார்த்து எழுதுதல் வகுப்பில் நமக்கும் உண்டு. ‘பல்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘பால்’ என்று எழுதிவிடுகிறோம். பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார். அந்தப் பத்திரிகையை வாங்கியவர்கள் பலர் நன்றாகப் படித்தவர்கள்தான். அவர்களும் பார்த்து எழுதும்போது தடுமாறத்தான் செய்தார்கள்.

தீவின் கதைக்கும் ஒரு மூலம் இருக்கிறது. ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்து எழுத்தாளர் ‘புதையல் தீவு’ என்ற நாவலை எழுதினார். 1883ஆம் ஆண்டு அது புத்தகமாக வந்தது. லாங் ஜான் சில்வர் அந்த நாவலில் வரும் ஆள்தான். விடுமுறையில் மழை பெய்த நாட்களில் ஸ்டீவன்சன் வீட்டுச் சிறுவனோடு உட்கார்ந்து ஒரு தீவின் படம் வரைந்தார். அந்தப் படத்தில் இருந்துதான் கதை பிறந்தது. பழவங்காடியிலும் அன்று மழைதான்.

தீவில்

மறுநாளும் அண்ணன் மகன் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். கடை சாத்தும் நேரத்துக்கு நோட்டு வெளியே வரும். பக்கத்துக் கடைப் பூக்காரரும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்கும் ஒரு யோசனை இருக்கும்.

தீவின் மணலில் ஒரு பலகை இருந்தது. கடல் ஏறும், கவனம் என்று அது எச்சரித்தது. அம்மா அதைப் படித்தார். இந்த முறை எதையும் படிக்காமல் விடவில்லை. பலகை படி. தாள் படி. பெட்டி பார். ஒவ்வோர் இடத்திலும் முதலில் பார்த்தார். பிறகுதான் போனார்.

தீவில் ஒரு கிளி இருந்தது. முதலைகள் இருந்தன. கொடிய பாம்புகள் இருந்தன. ஒரு கடல் கொள்ளைக்காரனும் இருந்தான். ஒவ்வொன்றுக்கும் ஒன்று வேண்டும். கிளிக்கு பிஸ்கட் வேண்டும். முதலைக்கு மீன் வேண்டும். கொள்ளைக்காரனுக்கு ரம் வேண்டும். "ஆம்பிளை புத்தி எந்தத் தீவிலேயும் ஒண்ணுதான்" என்றார் பூக்காரர். அவரும் ஆம்பிளைதான்.

பாம்புகளிடம் வந்தபோது அம்மா கொஞ்சமும் யோசிக்கவில்லை. விளையாட்டில் ஒரு கீரி உண்டு. பாம்புக்குப் பகை கீரி. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். எழுதினார்.

கீரி விடு.

கீரி தோற்றுப் போனது. மூன்று பேருக்கும் நம்ப முடியவில்லை. அம்மா பழைய பக்கங்களைப் புரட்டினார். தன் கையில் என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக வாசித்தார். தீப்பெட்டி, பந்தம், கிளி...

கிளி விடு.

கிளி பாம்புகளை விரட்டியது. பூக்காரர் கை தட்டினார். கிளி எப்படிப் பாம்பை விரட்டும் என்று கேட்காதீர்கள். இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு இப்படிக் குறும்பு செய்வதில் ஆசை. நமக்குத் தெரியும் என்று நினைக்கும் இடத்தில்தான் குழி வெட்டி வைத்திருப்பார்கள்.

புதையல் வேறொரு தீவில் இருந்தது. அங்கே போகக் கப்பல் வேண்டும். கப்பல் கட்டப் படம் வேண்டும். மரம் வேண்டும். நங்கூரம் வேண்டும். பாய் வேண்டும். சுத்தியல் வேண்டும். ஆணி வேண்டும். ஆணிக்கு எங்கே போவது?

நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்களா? இந்தப் பாடத்தின் முன் பக்கங்களில் ஆணி ஒரு முறை வந்திருக்கிறது. திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அம்மாவுக்கு அது கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. நடு ராத்திரியில் விழித்தபோது தோன்றியதாம். லண்டன் வீட்டு விரிப்பு! அன்று கையில் சுத்தியல் இல்லாமல் பிடுங்க முடியாமல் விட்ட அதே ஆணி. யோகோ என்று சொல்லித் திரும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.

கப்பல் தயார். கொள்ளைக்காரனும் ஏறிவிட்டான். ஆனால் கப்பல் நகரவில்லை. கடல் ஏறும் வரை பொறுக்க வேண்டும் என்று அவன் சொன்னான். அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. கடல் ஏறும், வற்றும். கடல் ஏறினால்தான் தரை தட்டிய கப்பல் மிதக்கும். மணலில் பார்த்த பலகை அதைத்தான் சொன்னது. "படிச்சவன் தப்பிச்சான்" என்று சொல்லிவிட்டு அம்மா தேங்காய் நார் பொறுக்கப் போனார்.

தாளில் எழுதிய புதையல்

கடைசியில் இரண்டு புதையலும் கிடைத்தன. புதையலைக் காட்ட இந்த விளையாட்டில் அதன் பெயருக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட்டிருப்பார்கள். முதல் புதையல் தங்கக் காசுகள். அது எல்லாரும் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது புதையல் தபால் தலைகள்.

"தபால் தலையா?" என்றார் அம்மா. "கடிதத்திலே ஒட்டுவாங்களே, அதுவா?"

அரிய பழைய தபால் தலைகளுக்கு மதிப்பு அதிகம் என்று அண்ணன் மகன் விளக்கினான். சின்னத் துண்டுக் காகிதம்தான். சேர்த்து வைப்பவர்கள் லட்சக் கணக்கில் கொடுத்து வாங்குவார்கள்.

அம்மா அதற்குப் பிறகு பேசவில்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். கட்டிலுக்கு அடியில் இருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார்.

அவருடைய கணவர் வளைகுடா நாட்டில் பல ஆண்டு வேலை செய்தார். மாதம் ஒரு கடிதம் வரும். அம்மாவுக்கு அன்று வாசிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் ஒருவர் வாசித்துக் காட்டுவார். சுகமா, பணம் வந்ததா, பிள்ளை எப்படி. இவ்வளவுதான் வாசிப்பார். பிறகு கடிதம் பெட்டிக்குள் போகும். கணவர் ஊர் திரும்பினார். சில ஆண்டுகளில் இறந்தும் போனார். கடிதங்கள் பெட்டியிலேயே இருந்தன. எழுத்து கற்ற பிறகும் அம்மா அவற்றை எடுக்கவில்லை. எல்லாம் கேட்ட கடிதங்கள்தானே என்று இருந்துவிட்டார்.

கடிதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. தபால் தலைகளில் ஒட்டகமும் கப்பலும் இருந்தன. அவை அரிய தலைகள் இல்லை. அதனால் ஒரு ரூபாயும் கிடைக்காது. அம்மா மேலே இருந்த கடிதத்தைப் பிரித்தார். விரல் வைத்து வாசித்தார். அவர் எழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடும். ‘ர’வும் ‘ந’வும் ஒன்று போல இருக்கும். ஒரு பக்கம் வாசிக்க அரை மணி நேரம் ஆனது.

சுகமா என்று இருந்தது. பணம் வந்ததா என்று இருந்தது. அதற்குக் கீழே இரண்டு வரி இருந்தது. இங்கே மழையே இல்லை. நீ குடை எடுக்காமல் கடைக்குப் போய் நனையாதே.

அந்த இரண்டு வரியை யாரும் அவருக்கு வாசித்துக் காட்டியதில்லை. வாசித்தவர் மீது தப்பில்லை. அவசரத்தில் விட்டிருப்பார். அல்லது இதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பார்.

பெட்டியில் இன்னும் அறுபது எழுபது கடிதம் இருக்கிறது. அம்மா ஒரு நாளைக்கு ஒன்றுதான் வாசிக்கிறார். அதற்கு மேல் வேண்டாம் என்கிறார்.

நீங்களும் ஆடலாம்

இந்த விளையாட்டுக்குச் செல்போன் வேண்டியதில்லை. ஒரு நோட்டும் இரண்டு பேரும் போதும். ஒருவர் இடத்தைச் சொல்லி எழுத வேண்டும். மற்றவர் இரண்டு சொல்லில் பதில் எழுத வேண்டும். வாயால் சொல்லக் கூடாது. எழுதித்தான் காட்ட வேண்டும். எழுத்தில் பிழை இருந்தால் முதல் ஆள் "எனக்குப் புரியவில்லை" என்று எழுதித் திருப்பிக் கொடுக்கலாம். கம்ப்யூட்டரும் அப்படித்தான் செய்யும். கோபப்படாது. சிரிக்கவும் செய்யாது.

இடத்தை எழுதுகிறவர் ஒரு பொருளை எங்காவது ஒளித்து வைத்துக்கொள்ள வேண்டும். முன்கூட்டியே தனித் தாளில் எழுதி மடித்து வைத்தால் நல்லது. பாதியில் இடத்தை மாற்றினால் அது ஏமாற்று.

தேங்காய்க் கடை அம்மா இப்போது பூக்காரருக்காக ஒன்று எழுதியிருக்கிறார். அதன் முதல் பக்கம் இது.

நான் பழவங்காடியில் ஒரு கடை முன்னால் நிற்கிறேன். கடை பூட்டி இருக்கிறது. வாசலில் ஒரு சாக்கு கிடக்கிறது. சாக்குக்குள் ஏதோ இருக்கிறது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. தூரத்தில் தேங்காய் உடைபடும் சத்தம் கேட்கிறது. மழை வரும் போல இருக்கிறது.

பூக்காரர் ‘பூட்டு உடை’ என்று எழுதினார். உடையவில்லை.

நீங்கள் என்ன எழுதுவீர்கள்? இரண்டே சொல்.